16க¹⁶-க்கு வர்க்கமூலம் 4க⁴ இல்லையாம், ஏன்?

ராத்திரிப் படிப்பு (கேட்டவர்):

வணக்கம். குரூப் 4-க்கு இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாவதில் எடுத்தது வணிகவியல், அதுவும் கணக்குக்குப் பயந்து ஓடிப்போய் எடுத்தது. அப்புறம் கல்யாணம், குழந்தை, தையல் மிஷின் என்று 14 வருஷம் போய்விட்டது. போன தடவை திறனறிவுப் பகுதியில் வரும் 25 கேள்வியில் பாதியைக் குருட்டாம்போக்கில் ஷேட் பண்ணிவிட்டு வந்தேன், கேள்விக்கு ஒன்றரை மார்க் என்று கணக்குப் பார்த்தால் வேலை அங்கேதான் கைநழுவிப் போயிருக்கிறது. இந்தத் தடவை மகளுடைய எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று. போனில் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாறி மாறித் தட்ட முடியவில்லை, அதனால் எக்ஸ் வரவேண்டிய இடத்தில் எல்லாம் ‘க’ என்று போட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஒரு மாதிரித் தாளில் மூன்று கணக்கு போட்டேன், மூன்றும் தப்பு.

√(16க¹⁶) என்பதற்கு நான் எழுதியது 4க⁴. விடைத்தாளில் 4க⁸.
(க + 3)² என்பதற்கு நான் எழுதியது க² + 9. விடைத்தாளில் நடுவில் 6க என்று ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.
−5² என்பதற்கு நான் 25 போட்டேன். அவர்கள் −25 என்கிறார்கள்.

மற்ற இரண்டையும் விடுங்கள், முதல் கணக்குதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. கீழே இருக்கும் 16-க்கு வர்க்கமூலம் 4 என்றால் மேலே இருக்கும் 16-க்கும் 4 தானே வரவேண்டும், ஒரே எண்ணுக்கு ஒரே வரியில் இரண்டு நியாயமா? மகளிடம் கேட்டேன், “அடுக்கைப் பாதியாக்கணும்மா, மிஸ் சொன்னாங்க” என்றாள். ஏன் பாதியாக்கணும் என்றால் மறுபடியும் மிஸ் சொன்னாங்க. எனக்கும் அந்தக் காலத்தில் இதே பதில்தான் கிடைத்தது, அதை மனப்பாடம் பண்ணிப் பண்ணித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன். விதி என்னிடமே நிறைய இருக்கிறது, யாராவது காரணம் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:

பழைய தமிழ் எண்ணில் ௧ என்றால் ஒன்று, பார்க்க அப்படியே க மாதிரிதான் இருக்கும். ஒன்றை 4 தடவை பெருக்கினாலும் ஒன்று, 8 தடவை பெருக்கினாலும் ஒன்று. ஆகவே 4க⁴, 4க⁸ இரண்டும் ஒன்றேதான், உங்களுக்கு முழு மார்க்.

(அடிக்க வராதீர்கள், யாராவது வாத்தியார் வந்து ஒழுங்காகச் சொல்வார்.)

சாக்பீஸ் தூள்:

வந்தாயிற்று. 31 வருஷம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். அம்மா, நீங்கள் எழுதிய 4க⁴ நான் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு வகுப்பிலும் பார்த்த தப்பு, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே செய்வார்கள். அதனால் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

‘அடுக்கு’ என்ற வார்த்தையைப் பாருங்கள். வீட்டில் டிபன் கேரியர் இருக்கிறதல்லவா, மூன்று அடுக்கு, நாலு அடுக்கு என்று? க³ என்றால் க × க × க, அதாவது க என்ற கிண்ணம் மூன்று அடுக்கு. மேலே குட்டியாக எழுதியிருக்கும் 3 கிண்ணத்துக்குள் இருக்கும் சாப்பாடு கிடையாது, கிண்ணம் எத்தனை என்ற எண்ணிக்கை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிற விதிகளில் பாதியை நீங்களே எழுதிவிடலாம்.

மூன்று அடுக்குக் கேரியர் மேல் இரண்டு அடுக்குக் கேரியரை வைத்தால் ஐந்து அடுக்கு. அதனால்தான் க³ × க² = க⁵. ஆறு என்று வராது, ஏனென்றால் கிண்ணங்களைச் சேர்த்து வைத்தோமே தவிர கிண்ணங்களின் எண்ணிக்கையைப் பெருக்கவில்லை. வகுத்தால் கிண்ணத்தை எடுக்கிறோம், க⁵ ÷ க² = க³. மூன்று அடுக்குக் கேரியர் நாலு இருந்தால் மொத்தம் 12 கிண்ணம், (க³)⁴ = க¹². இங்கேதான் பெருக்கல் வருகிறது. பிள்ளைகள் குழம்புவது எப்போது கூட்டுவது, எப்போது பெருக்குவது என்பதில்தான். குழப்பம் வந்தால் விதியைத் தேடாதீர்கள், விரித்து எழுதி எண்ணிப் பாருங்கள், பத்து விநாடி ஆகும்.

ஒன்று கவனம்: க³ + க² என்று இருந்தால் அதைச் சேர்க்க விதியே கிடையாது, அப்படியே விட வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் க-வுக்கு 2 போட்டுப் பாருங்கள், 8 + 4 = 12. 2⁵ என்று எழுதியிருந்தால் 32 வந்திருக்கும்.

இப்போது உங்கள் கணக்கு. வர்க்கமூலம் என்றால் என்ன கேட்கிறார்கள்? “எதை அதே பொருளோடு பெருக்கினால் இது வரும்?” அவ்வளவுதான். 16 என்ற எண்ணை இரண்டு சமமான எண்களின் பெருக்கலாகப் பிரிக்க வேண்டும், 4 × 4. ஆனால் க¹⁶ என்பது 16 அடுக்குக் கேரியர். அதை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை அடுக்கு? 8. க⁸ × க⁸ = க¹⁶. நாலு நாலாகக் கொடுத்தால் எட்டுக் கிண்ணம்தான் ஆயிற்று, மீதி எட்டு எங்கே? உங்கள் விடையை வர்க்கப்படுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்: (4க⁴)² = 16க⁸. கேட்டது 16க¹⁶.

ஆக ஒரே 16-க்கு இரண்டு நியாயம் இல்லை, அவை ஒரே வேலை செய்கிற 16-களே இல்லை. கீழே இருப்பது அளவு, மேலே இருப்பது எண்ணிக்கை. கேள்வித்தாள் போடுகிறவர்கள் வேண்டுமென்றேதான் இரண்டு இடத்திலும் 16 வைக்கிறார்கள், 16க¹⁰ என்று கொடுத்திருந்தால் நீங்கள் தப்பே செய்திருக்க மாட்டீர்கள்.

இதே கண்ணால் பார்த்தால் முழு வர்க்கமும் புரிந்துவிடும். அடுக்கு இரட்டைப்படையாக இருந்தால்தான் இரண்டாகப் பிரியும். க⁹ முழு வர்க்கம் இல்லை, 9 என்ற எண் முழு வர்க்கமாக இருந்தும். க⁶ முழு வர்க்கம், 6 அப்படி இல்லாதிருந்தும்.

கையிலிருக்கும் போனையே எடுத்துக்கொள்ளுங்கள். மெமரி 16, 32, 64, 128, 256, 512 என்று விற்கிறார்கள். எல்லாம் 2-இன் அடுக்குகள், 2⁴-இல் தொடங்கி 2⁹ வரை. அடுக்கு இரட்டைப்படையாக வரும் 16, 64, 256 மட்டும் முழு வர்க்கங்கள், 4², 8², 16². நடுவில் வரும் 32, 128, 512 இல்லை. ஒன்றுவிட்டு ஒன்று.

−5² பற்றி நாளைக்கு எழுதுகிறேன், கண் எரிகிறது.

கோலமாவு:

சாரின் கேரியர் அருமை. இரண்டாவது கணக்குக்கு என்னிடம் கோலம் இருக்கிறது.

தோழி, தரையில் 5 வரிசை 5 புள்ளி வையுங்கள், மொத்தம் 25. இப்போது 5-ஐ 3 + 2 என்று பிரித்து, மூன்றாவது வரிசைக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு, மூன்றாவது புள்ளிக்குப் பக்கத்தில் நெடுக்காக ஒரு கோடு. நாலு துண்டாகும். ஒரு மூலையில் 3 × 3, ஒன்பது புள்ளி. எதிர்மூலையில் 2 × 2, நாலு புள்ளி. உங்கள் முறைப்படி (3 + 2)² = 9 + 4 = 13 என்று முடித்தால் மீதி 12 புள்ளியைக் காலால் அழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தப் பக்கம் ஒரு ஆறு, இந்தப் பக்கம் ஒரு ஆறு, 3 × 2 இரண்டு தடவை. அதுதான் நடுவில் வந்து உட்கார்ந்த ஆள். (க + 3)²-இல் க × 3 இரண்டு தடவை, 6க.

‘முழு வர்க்கம்’ என்று சொல்வதே சதுரமாக அடுக்க முடிகிற எண் என்பதால்தான். 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தில் வர்க்கம் என்றால் சமசதுரம், இரண்டு சம எண்களின் பெருக்கல், இரண்டும்தான் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கிறார் ஆரியபட்டர். நாம்தான் படத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, சும்மா ஆசைக்கு. நேர்ப்புள்ளி 7 வைத்து 1-இல் நிறுத்துகிற கோலம் இருக்கிறதே, 1, 3, 5, 7, 5, 3, 1 என்று. மேலிருந்து நடு வரிசை வரைக்கும் 1 + 3 + 5 + 7 = 16, அது 4². கீழ்ப்பாதி 5 + 3 + 1 = 9, அது 3². மொத்தம் 25, அது 5². ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் எப்போதும் முழு வர்க்கம்தான் வரும். ஆனால் இரண்டு பாதியும் சேர்ந்து இன்னொரு முழு வர்க்கமாவது எல்லாக் கோலத்துக்கும் நடக்காது, 9 புள்ளி வைத்தால் 25 + 16 = 41 ஆகிவிடும். மார்கழி முழுக்க அந்த ஏழு புள்ளியைப் போட்டிருக்கிறேன், இது தெரிந்தது போன வருஷம்தான்.

மின்னல்வழி:

இவ்வளவு கதை தேவையில்லை. பரீட்சையில் நேரம் கிடையாது. ஷார்ட்கட்: கடைசி இலக்கம் 0, 1, 4, 5, 6, 9 என்று முடிந்தால் முழு வர்க்கம், 2, 3, 7, 8 என்று முடிந்தால் இல்லை. அப்புறம் √25 என்று கேட்டால் ±5 என்று போடுங்கள், இரண்டும் சரி.

சாக்பீஸ் தூள்:

மின்னல்வழி தம்பி, பாதி சரி. 2, 3, 7, 8-இல் முடிந்தால் முழு வர்க்கம் இல்லை, அது நிச்சயம். ஆனால் மற்றவற்றில் முடிந்தால் முழு வர்க்கம் என்று யார் சொன்னது? 26 ஆறில் முடிகிறது, 15 ஐந்தில் முடிகிறது, 1000 பூஜ்யத்தில் முடிகிறது. தள்ளுவதற்கு உதவும் சோதனை அது, ஏற்றுக்கொள்வதற்கு உதவாது. நாலு விடையில் மூன்றைக் கழிக்க வேண்டும் என்றால் பயன்படுத்துங்கள்.

√25 என்றால் 5 மட்டும்தான், அந்தக் குறிக்கே குறை எண் அல்லாத மூலம் என்றுதான் அர்த்தம் வைத்திருக்கிறார்கள். க² = 25 என்று கொடுத்து க என்ன என்று கேட்டால் அப்போதுதான் 5, −5 இரண்டும். கேள்வி வேறு, விடையும் வேறு. இதனால்தான் √(க²) என்பதை க என்று எழுதாமல் க-வின் மட்டு மதிப்பு என்று பெரிய வகுப்பில் எழுதச் சொல்வார்கள், க-வுக்கு −5 போட்டால் வெளியே 5 தான் வரும். அம்மாவின் கணக்கில் அந்தத் தொல்லை இல்லை, க⁸ எப்படியும் குறை எண்ணாகாது.

பாக்கி வைத்த −5²: அடுக்கு தனக்கு ஒட்டி இருப்பதை மட்டும்தான் பிடிக்கும். ஒட்டியிருப்பது 5. ஆகவே முதலில் 25, அப்புறம் வெளியே நிற்கும் குறைக்குறி, −25. குறைக்குறியும் உள்ளே வரவேண்டும் என்றால் அடைப்பு போட்டு (−5)² என்று எழுத வேண்டும், அப்போது 25. இதே வம்பு 3க²-இலும் உண்டு, க மட்டும்தான் வர்க்கம், 3 இல்லை. (3க)² என்றால் 9க². உங்கள் மகளிடமும் சொல்லுங்கள், அடைப்புக்குறி போட மறந்து மார்க்கை விட்டவர்களை வைத்து ஒரு ஊரே கட்டலாம்.

பனங்காய்:

அக்கா, நான் யாழ்ப்பாணம். எங்கள் பாடப்புத்தகத்தில் அடுக்கு என்று சொல்ல மாட்டோம், ‘சுட்டி’ என்போம், முழு வர்க்கம் எங்களுக்கு ‘நிறைவர்க்கம்’, இயற்கணிதம் ‘அட்சரகணிதம்’. இணையத்தில் தமிழ்க் காணொளி தேடும்போது இந்தச் சொற்களையும் போட்டுப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்தது பூச்சிய சுட்டிதான். எதுவுமே இல்லை என்றால் 3⁰ பூச்சியமாகத்தானே இருக்க வேண்டும், ஏன் 1? எனக்குத் தெளிந்தது இப்படி: 3³ = 27, 3² = 9, 3¹ = 3. ஒவ்வொரு படி இறங்கவும் மூன்றால் வகுக்கிறோம். அடுத்த படி 3 ÷ 3 = 1, அதுதான் 3⁰. அதையும் தாண்டி இறங்கினால் 1/3, அது 3⁻¹. குறைச் சுட்டி என்றதும் விடையும் குறை எண் என்று எழுதிவிடாதீர்கள், 3⁻² என்பது 1/9, −9 அல்ல. (அடி பூச்சியமாக இருந்தால் இந்த வகுத்தல் நடக்காது, அதனால் அதை மட்டும் விலக்கி வைக்கிறார்கள்.)

கந்துக் கணக்கு:

நான் ஒரு சின்ன ஃபைனான்ஸில் கணக்கு எழுதுகிறவன், படிப்பு பத்தாவது. உங்கள் (க + 3)² = க² + 9 பார்த்துச் சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள், எங்கள் முதலாளி மட்டும் அப்படி எழுதினால் ஒரே வருஷத்தில் கடையை மூட வேண்டியதுதான்.

ஏன் என்றால் இரண்டு வருஷக் கூட்டு வட்டி என்பதே அந்த வர்க்கம்தான். 5000 ரூபாய், 10 சதவீதம், இரண்டு வருஷம். தொகை 5000 × (1 + 0.1)². விரித்தால் 1 + 0.2 + 0.01. முதல் 1 அசல். நடுவில் இருக்கும் 0.2 இருக்கிறதே, நீங்கள் விட்டுவிட்ட அந்த நடு ஆள், அதுதான் இரண்டு வருஷத் தனி வட்டி, 1000 ரூபாய். கடைசி 0.01 வட்டிக்கு வட்டி, 50 ரூபாய். நடு ஆளைத் தூக்கிவிட்டால் 1000 ரூபாய் போய் 50 ரூபாய்தான் கையில் நிற்கும்.

நீங்கள் எழுதப்போகிற பரீட்சையிலேயே “இரண்டு ஆண்டுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம்” என்று கேட்பார்கள் அல்லவா, அதற்கு அசல் × (வட்டி வீதம்/100)² என்று ஒரு சூத்திரம் மனப்பாடம் பண்ணச் சொல்வார்கள். அது வேறொன்றும் இல்லை, அந்தக் கடைசித் துண்டு. 5000 × 1/100 = 50.

ராத்திரிப் படிப்பு:

எல்லோருக்கும் நன்றி, இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கந்துக் கணக்கு அண்ணா, அந்த வட்டி சூத்திரத்தைப் போன தடவை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்ததும் மறந்துவிட்டேன், அது இந்த வர்க்கத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை.

இன்றைக்குப் போட்டதை எழுதுகிறேன், சரி பாருங்கள்.

“1352-ஐ எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும்?” பகாக் காரணிகளாகப் பிரித்தேன், 2³ × 13². 13 இரண்டு கிண்ணம், பிரிந்துவிடும். 2 மூன்று கிண்ணம், ஒன்று துணையில்லாமல் நிற்கிறது, அதற்கு இன்னொரு 2 கொடுத்தால் போதும். 1352 × 2 = 2704, வர்க்கமூலம் 2² × 13 = 52. வகுக்கச் சொல்லியிருந்தாலும் அதே 2 தான், 676, வர்க்கமூலம் 26.

அடுத்தது: 25க² + 20க + 16 முழு வர்க்கமா? முதல் பார்வையில் ஆமாம் என்று டிக் அடித்துவிட்டேன், 25-உம் முழு வர்க்கம், 16-உம் முழு வர்க்கம். அப்புறம் கோலம் ஞாபகம் வந்தது. (5க + 4)² என்றால் இரண்டு பக்கத் துண்டும் 5க × 4, அதாவது 20க, இரண்டு தடவை, 40க வேண்டும். இங்கே 20க தான் இருக்கிறது, ஒரு பக்கத்துப் புள்ளியைக் காணோம். ஆக முழு வர்க்கம் இல்லை. விடைத்தாளும் இல்லை என்றே சொல்கிறது.

சாயங்காலம் மகளிடம் க⁹ முழு வர்க்கமா என்று கேட்டேன். “9 வர்க்க எண்தானேம்மா, க³” என்றாள். அடுக்கைப் பாதியாக்கு என்று எனக்குச் சொன்னவள்! பரண்மேல் இருந்த மூன்றடுக்குக் கேரியரை இறக்கி, இதை உனக்கும் தம்பிக்கும் சமமாகப் பிரி என்றேன். நடுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், அப்புறம் “ஓ” என்றாள்.

சாக்பீஸ் தூள்:

25க² + 20க + 16-இல் பாதிப் பேர் விழுவார்கள், நீங்கள் எழுந்துவிட்டீர்கள். சரி, தூங்கும் முன் ஒன்று. 2¹⁰-இன் வர்க்கமூலம் என்ன, 2¹⁰-இல் பாதி என்ன?

ராத்திரிப் படிப்பு:

வர்க்கமூலம் 2⁵, 32. பாதிக்கும் 2⁵ என்று எழுதி அடித்துவிட்டேன் சார். பாதி என்றால் இரண்டால் வகுப்பது, ஒரு கிண்ணம்தான் இறங்கும், 2⁹. 1024-இல் பாதி 512, சரியாக வருகிறது.

சாக்பீஸ் தூள்:

அப்படியானால் 4²⁰-இல் பாதி? 2²⁰ என்றோ 4¹⁰ என்றோ 2¹⁰ என்றோ யாராவது சொன்னால் நான் திரும்பவும் பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

ராத்திரிப் படிப்பு:

ஒவ்வொரு 4-ம் இரண்டு 2. இருபது 4 என்றால் நாற்பது 2, அதில் ஒன்று இறங்கினால் 2³⁹?

சாக்பீஸ் தூள்:

2³⁹. போய்த் தூங்குங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:

நான் ௧ என்று எழுதி வைத்திருந்தேன்.